பழைய ஓவியத் தாள்களில் இருந்து புத்தக அடையாளம் செய்வோம்



ஆண்டுத் தேர்வு முடிந்து பள்ளிக்கூடம் பூட்டியதும் நம் வீடுகளில் ஒரு வேலை தொடங்கும். பிள்ளைகளின் நோட்டுகள், ட்ராயிங் நோட்டுகள், சார்ட் அட்டைகள், முடிந்துபோன காலண்டர்கள், ஒரு வருடமாகச் சேர்ந்த நிக்காஹ் அழைப்பிதழ்கள் எல்லாவற்றையும் ஒரு சாக்கில் கட்டிப் பழைய பேப்பர் கடைக்கு அனுப்பிவிடுவோம். எடைக்கு உரிய காசு கைக்கு வந்ததோடு அந்தக் காரியம் முடிந்தது என்று நினைக்கிறோம். அந்தச் சாக்கில் மக்தபில் பிள்ளை எழுதிப் பழகிய சூரத்துல் ஃபாத்திஹாவும் இருக்கும். அழைப்பிதழின் தலைப்பில் அச்சிட்ட பிஸ்மில்லாஹ்வும் இருக்கும். கடைக்குப் போன தாள்களில் ஒரு பகுதி அரைபட்டு அட்டையாகிறது. இன்னொரு பகுதி பொட்டலத் தாளாகி, வடையின் எண்ணெயைத் துடைத்துவிட்டுத் தெருவில் விழுகிறது. இதைக் கண்ணால் பார்த்தவர்கள் நம்மில் பலர் உண்டு.

இதற்குப் பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை. சாக்கைக் கட்டுவதற்கு முன் வீட்டார் ஒன்றாக உட்கார்ந்து தாள்களைப் பிரித்துப் பார்த்தால் போதும். அப்படி உட்கார வைப்பதற்கு ஒரு நல்ல காரணம் வேண்டும் அல்லவா? பிள்ளைகளின் பழைய ஓவியங்களையும் அழகான அட்டைகளையும் வெட்டி ஒட்டிப் புத்தக அடையாளம் செய்வது அதற்குப் பொருத்தமான கைவேலை. செலவு மிகக் குறைவு. விடுமுறையில் ஒரு பிற்பகலில் செய்து, மறுநாள் காலையில் முடித்துவிடலாம். பிள்ளைகளும் பெரியவர்களும் சேர்ந்து செய்யலாம். செய்து முடித்த பொருள் ஓதுவதற்கும் படிப்பதற்கும் உதவும்.

இது நம் முன்னோர் அறிந்த வேலைதான்

வெட்டி ஒட்டும் கலையை நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் ‘கொலாஜ்’ என்ற பெயரில் கற்கிறார்கள். இஸ்லாமிய நாகரிகத்தில் இதற்கு நெருங்கிய ஒரு கலை பல நூற்றாண்டுகளாக இருந்திருக்கிறது. அதன் பெயர் முரக்கஃ. ‘ஒட்டுப் போட்டது’ என்பது அந்த அரபுச் சொல்லின் பொருள். சூஃபிகள் அணிந்த ஒட்டுப் போட்ட அங்கிக்கும் இதே பெயர் உண்டு. பல இடங்களில் சிதறிக் கிடந்த எழுத்தணித் துண்டுகளையும் ஓவியங்களையும் சேர்த்து, அளவாக வெட்டி, புதிய தாளில் ஒட்டி, சுற்றிலும் அழகிய கரை வரைந்து ஒரே தொகுப்பாக்குவதை முரக்கஃ என்றார்கள். பாரசீக மன்னர் ஷாஹ் தஹ்மாஸ்பின் சகோதரர் பஹ்ராம் மிர்ஸாவுக்காக 1544-45இல் தோஸ்த் முஹம்மத் என்ற கலைஞர் தொகுத்த முரக்கஃ இன்றும் இஸ்தான்புல்லில் தோப்காபி அரண்மனை நூலகத்தில் இருக்கிறது. நம் நாட்டின் முகலாய மன்னர் ஜஹாங்கீர் காலத்துத் தொகுப்பு ஒன்று தெஹ்ரானில் குலிஸ்தான் அரண்மனையில் இருக்கிறது. ஐரோப்பாவில் இருந்து வந்த அச்சுப் படங்களுக்கும் அதில் இடம் கொடுத்திருக்கிறார்கள்.

தாளின் வரலாறும் இதைப் போன்றதுதான். 8ஆம் நூற்றாண்டின் இறுதியில் பக்தாதில் தாள் தயாரிப்பு தொடங்கியது. அன்றைய முஸ்லிம் உலகின் தாள், பெரும்பாலும் கிழிந்த லினன் துணியையும் சணல் வகைக் கந்தலையும் பழைய கயிறுகளையும் ஊறவைத்து இடித்துச் செய்யப்பட்டது. தஃப்ஸீர்களும் ஹதீஸ் கிரந்தங்களும் எழுதப்பட்டது கந்தலில் பிறந்த அந்தத் தாளில்தான். பழையதைத் தூக்கி எறியாமல் பயன்படுத்துவது நம் மார்க்கத்துக்கு நெருக்கமான பழக்கம். வீண்விரயம் செய்வோரை சூரத்து பனீ இஸ்ராயீல் (17) 26, 27ஆம் வசனங்கள் கடுமையாகக் கண்டிக்கின்றன. நபி (ஸல்) அவர்கள் தம் ஆடையைத் தாமே தைப்பார்கள், தம் காலணியைத் தாமே செப்பனிடுவார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்திருக்கிறார்கள்.

முதல் வேலை: பிரித்து வைத்தல்

கத்தரிக்கோலை எடுக்கும் முன் தாள்களை மூன்று குவியலாகப் பிரியுங்கள். இந்தக் கட்டுரையில் எதை மறந்தாலும் இந்தப் பகுதியை மறந்துவிட வேண்டாம்.

முதல் குவியல், வெட்டக் கூடாதவை. குர்ஆன் வசனம், பிஸ்மில்லாஹ், அல்லாஹ்வின் திருநாமம், நபிமார்களின் பெயர், ஹதீஸ், துஆ எழுதப்பட்ட தாள்கள் இதில் சேரும். அரபியில் இருந்தாலும் தமிழில் இருந்தாலும் ஆங்கிலத்தில் இருந்தாலும் ஒன்றுதான். நிக்காஹ் அழைப்பிதழில் தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். மணமகன் பெயர் அப்துல்லாஹ் என்றோ அப்துர் ரஹ்மான் என்றோ இருந்தால் அதற்குள்ளும் அல்லாஹ்வின் திருநாமம் இருக்கிறது. ஆகவே அழைப்பிதழின் எழுத்துள்ள பகுதியை முழுவதுமாக எடுத்து இந்தக் குவியலில் வைத்துவிட்டு, பூவேலை உள்ள வெளி அட்டையையும் உறையையும் மட்டும் கைவேலைக்கு எடுங்கள். மக்தப் நோட்டுகளை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பாருங்கள். பள்ளிவாசல் காலண்டரில் ஒவ்வொரு தாளிலும் ஹதீஸ் இருக்கக்கூடும். அதையும் கவனியுங்கள்.

இந்தத் தாள்களை ஒரு சுத்தமான துணிப்பையில் சேர்த்து, உயரமான இடத்தில் வையுங்கள். பழுதடைந்த முஸ்ஹஃபையும் இத்தகைய தாள்களையும் சுத்தமான துணியில் சுற்றி, மனிதர் கால்படாத இடத்தில் புதைப்பது உலமாக்கள் சொல்லியுள்ள ஒரு வழி. மரியாதையாக எரித்துச் சாம்பலைப் புதைப்பது இன்னொரு வழி. குர்ஆனைப் பிரதி எடுத்து அனுப்பிய காலத்தில் உஸ்மான் (ரலி) அவர்கள் மற்ற ஏடுகளை எரிக்கச் சொன்ன செய்தியை இதற்கு ஆதாரமாகக் காட்டுவார்கள். எந்த வழியைப் பின்பற்றுவது என்பதை உங்கள் மஹல்லா இமாமிடம் கேட்டு நடந்துகொள்ளுங்கள். 1972இல் யமன் நாட்டின் ஸன்ஆ பெரிய பள்ளிவாசலைப் பழுதுபார்த்தபோது, மேற்கூரைக்கும் உள்கூரைக்கும் இடையே ஆயிரக்கணக்கான பழைய குர்ஆன் ஏட்டுத் துண்டுகள் கிடைத்தன. ஓதி ஓதித் தேய்ந்துபோன ஏட்டைக்கூடக் குப்பையில் போட மனமில்லாமல் அவற்றை அங்கே வைத்தவர்களின் பேணுதலை நினைத்துப் பாருங்கள்.

இரண்டாவது குவியல், கைவேலைக்கு ஆனவை. ட்ராயிங் நோட்டுகள், வண்ணம் தீட்டிப் பழகிய தாள்கள், பூவும் இயற்கைக் காட்சியும் உள்ள காலண்டர் படங்கள், அழைப்பிதழ் அட்டைகள், பரிசுப் பொருள் சுற்றிய தாள்கள், ஜவுளிக்கடை அட்டைப்பெட்டிகள் இதில் சேரும்.

மூன்றாவது குவியல், பழைய பேப்பர் கடைக்குப் போகலாம் என்று நீங்கள் மனநிறைவோடு சொல்லக்கூடியவை. ஓரிரு தாள்களில் பிள்ளையின் பெயர், பள்ளி, ஆதார் எண், கைப்பேசி எண் இருந்தால் அவற்றைக் கிழித்துவிட்டு அனுப்புங்கள்.

பிள்ளையிடம் கேட்டு வெட்டுங்கள்

ஓவியம் வரைந்தவர் 5 வயதுப் பிள்ளையாக இருந்தாலும் அது அந்தப் பிள்ளையின் உடைமை. நமக்குக் கிறுக்கலாகத் தெரிவது அதற்கு வாப்பாவின் கடையாகவோ நன்னியின் வீடாகவோ இருக்கும். “இதை வெட்டலாமா, வைத்துக்கொள்ளலாமா?” என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். வேண்டாம் என்று சொன்னால் அதோடு விட்டுவிடுங்கள். வைத்துக்கொள்ள விரும்பும் படங்களுக்கு ஒரு கோப்பு கொடுங்கள். கோப்பு நிறைந்துவிட்டால் எது இருக்க வேண்டும், எதை வெட்டலாம் என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும். மற்றவர் உடைமையைக் கேட்டுத்தான் தொட வேண்டும் என்பதைப் பிள்ளைகள் நம் நடத்தையில் இருந்துதான் கற்கிறார்கள்.

தேவையான பொருட்கள்

அடிப்பகுதிக்கு நிக்காஹ் அழைப்பிதழின் வெளி அட்டை அல்லது நல்ல சார்ட் அட்டை. ஒட்டுவதற்கு பிள்ளைகளின் ஓவியத் துண்டுகள், காலண்டர் படங்கள். ஃபெவிகால் அல்லது பசைக்குச்சி, கத்தரிக்கோல், அடிக்கோல், பென்சில், தாளில் துளையிடும் பஞ்சிங் மெஷின், மிஞ்சிய தையல் நாடா அல்லது எம்பிராய்டரி நூல். இவ்வளவுதான். புதிதாக வாங்க வேண்டியது அநேகமாக எதுவும் இருக்காது.

பசை பற்றி ஒரு சொல். மைதாவைக் காய்ச்சி ஒட்டுவது நம் வீடுகளில் பழைய வழக்கம். போஸ்டருக்கு அது சரி. புத்தகத்துக்குள் வைக்கும் பொருளுக்கு அது வேண்டாம். மாவுப் பசை பூச்சிகளை இழுக்கும், பூச்சி அடையாள அட்டையோடு புத்தகத்தையும் சேர்த்து அரிக்கும். பைண்டிங் கடைக்காரர்கள் பூச்சி வராமல் இருக்க அந்தப் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். அது விஷம். பிள்ளைகள் கைபடும் வேலையில் அதைச் சேர்க்கவே கூடாது.

செய்முறை

1. அட்டையை 5 செ.மீ. அகலம், 14.5 செ.மீ. நீளம் உள்ள பட்டைகளாக வெட்டுங்கள். ஏ4 அளவுத் தாள் 21 செ.மீ. அகலமும் 29.7 செ.மீ. நீளமும் கொண்டது. இந்த அளவில் வெட்டினால் ஒரு தாளில் 8 பட்டைகள் கிடைக்கும், கழிவு மிகக் குறைவு. சிறிய முஸ்ஹஃபுக்கு 3 செ.மீ. அகலம், 10 செ.மீ. நீளம் போதும்.

2. பிள்ளையின் ஓவியத்தில் நல்ல நிறம் உள்ள பகுதியைத் தேர்ந்தெடுங்கள். படம் முழுவதும் தெரிய வேண்டியதில்லை. நீல வானத்தில் ஒரு துண்டு, பச்சை வயலில் ஒரு துண்டு, சிவப்புக் கூரையில் ஒரு துண்டு எடுத்தால் போதும். பழைய அட்டையில் 5க்கு 14.5 செ.மீ. அளவில் ஒரு ஜன்னல் வெட்டி, அதைப் படத்தின் மேல் நகர்த்திப் பார்த்தால் எந்தப் பகுதி அழகாக வரும் என்பது உடனே தெரிந்துவிடும்.

3. ஒட்டும் முன் துண்டுகளைப் பட்டையின் மேல் அடுக்கிப் பாருங்கள். பிடித்தபடி அமைந்த பிறகு பசை தடவுங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு அடுக்குக்கு மேல் போக வேண்டாம். தடித்த அட்டையை வைத்து மூடினால் புத்தகத்தின் முதுகு விரிந்து தையல் விட்டுப்போகும்.

4. பசையை நடுவில் இருந்து ஓரம் நோக்கி மெல்லியதாகத் தடவுங்கள். ஸ்கெட்ச் பேனாவிலோ வாட்டர் கலரிலோ வரைந்த படமாக இருந்தால் தண்ணீர் கலந்த பசை நிறத்தைக் கலங்கச் செய்யும். அதற்குப் பசைக்குச்சியே நல்லது. முதலில் ஒரு மூலையில் சோதித்துப் பாருங்கள்.

5. ஒரு பக்கம் மட்டும் தாள் ஒட்டினால் அது காயும்போது சுருங்கி அட்டை வளைந்துவிடும். பின்பக்கத்திலும் ஒரு வெள்ளைத் தாள் ஒட்டுங்கள். இரு பக்கமும் ஒரே அளவு இழுப்பு இருப்பதால் அட்டை நேராக நிற்கும். எழுதவும் இடம் கிடைக்கும்.

6. மேலும் கீழும் வெள்ளைத் தாள் வைத்து, தட்டையான கனத்தின் அடியில் ஓர் இரவு வையுங்கள். சூடில்லாத இஸ்திரிப் பெட்டியோ தரை ஓடோ போதும். முஸ்ஹஃபையும் கிதாபுகளையும் கனத்துக்காகப் பயன்படுத்த வேண்டாம். அச்சுமை ஒட்டும் என்பதால் செய்தித்தாளையும் இடையில் வைக்காதீர்கள்.

7. நன்றாகக் காய்ந்த பிறகு ஓரங்களைச் சீராக்குங்கள். கூரான மூலைகள் தாளைக் குத்தும் என்பதால் நான்கு மூலைகளையும் சற்று வளைவாக வெட்டிவிடுங்கள். மேல் விளிம்பில் இருந்து 1 செ.மீ. உள்ளே ஒரு துளை போட்டு, நாடாவை இரண்டாக மடித்து, மடிப்பைத் துளைக்குள் விட்டு, இரு முனைகளையும் அந்த மடிப்புக்குள் இழுத்தால் முடிச்சு போடாமலே இறுகிவிடும். பார்வை மங்கிய பெரியவர்களுக்குச் சிவப்பு அல்லது அடர்ந்த மஞ்சள் நாடா கட்டிக் கொடுங்கள், தேடாமல் எடுக்க வசதியாக இருக்கும்.

முஸ்ஹஃபுக்கும் கிதாபுக்கும் உரியவை

நம் வீடுகளில் ஓதி நிறுத்திய இடத்தை அடையாளம் வைக்க மயிலிறகு வைப்பார்கள். அது கிடைக்காவிட்டால் பக்கத்தின் மூலையை மடிப்பதும், பேனாவை உள்ளே வைத்து மூடுவதும், முஸ்ஹஃபைக் கவிழ்த்து வைப்பதும் பிள்ளைகளிடம் உண்டு. ஆளுக்கொரு அடையாளம் இருந்தால் இந்தப் பழக்கங்களுக்கு வேலை இல்லை.

முஸ்ஹஃபுக்குள் வைப்பதற்கு மனித உருவமோ விலங்கு, பறவை உருவமோ உள்ள துண்டுகளைத் தவிர்த்துவிடுங்கள். இலை, பூ, கோலங்கள் போன்ற வடிவங்கள், வெறும் நிறங்கள் ஏராளமாக இருக்கின்றன. எளிதான ஒரு வடிவம் சொல்கிறேன். 3 செ.மீ. பக்கம் உள்ள இரண்டு சதுரங்களை வெவ்வேறு நிறத்தில் வெட்டுங்கள். ஒன்றை நேராக ஒட்டி, மற்றொன்றைப் பாதித் திருப்பலில், அதாவது மூலை மேல்நோக்கி இருக்கும்படி, அதன் மேல் ஒட்டுங்கள். எட்டு முனை நட்சத்திரம் கிடைக்கும். 5 செ.மீ. அகலப் பட்டையில் இது சரியாக அடங்கும். அரபு நாடுகளில் அச்சாகும் முஸ்ஹஃப்களில் ஹிஸ்பின் ஒவ்வொரு கால் பகுதியும் தொடங்கும் இடத்தில் இதே எட்டு முனை வடிவத்தைப் பார்க்கலாம். 60 ஹிஸ்புகளுக்கு இத்தகைய 240 பகுதிகள் உண்டு. நட்சத்திரத்தை ஒட்டும்போதே இந்தக் கணக்கையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிடலாம்.

அடையாளத்தின் பின்பக்கத்தில் வசனமோ துஆவோ எழுதலாமா என்று சிலர் கேட்கக்கூடும். எழுதாமல் இருப்பதே பேணுதல் என்பது என் கருத்து. பிள்ளைகள் கையில் இருக்கும் பொருள் பைக்குள் போகும், தரையில் விழும், சில மாதங்களில் கிழியும். முதல் குவியலில் நாம் பார்த்த அதே சங்கடம் திரும்பவும் வந்துவிடும்.

அதற்குப் பதிலாகப் பின்பக்கத்தில் 30 சிறு கட்டங்கள் வரையுங்கள், ஒரு ஜுஸ்வுக்கு ஒரு கட்டம். ஓதி முடித்ததும் பிள்ளையே அதில் வண்ணம் தீட்டட்டும். ரமளானில் ஒரு கத்ம் முடிக்க விரும்பும் பெரியவர்களுக்கும் இது பயன்படும். மதீனா அச்சு முஸ்ஹஃபில் 604 பக்கங்கள். ஒரு ஜுஸ்வு ஏறக்குறைய 20 பக்கம் வரும். ஐந்து நேரத் தொழுகைக்குப் பிறகும் 4 பக்கம் வீதம் ஓதினால் ஒரு நாளில் ஒரு ஜுஸ்வு முடிந்துவிடும். எழுத்துக் கூட்டி ஓதும் பிள்ளைக்கு ஒரு கட்டம் நிறைய ஒரு வருடம் ஆனாலும் ஆகட்டும். சிறிதாக இருந்தாலும் விடாமல் செய்யப்படும் அமல் அல்லாஹ்வுக்கு உவப்பானது என்பது நாம் அறிந்த நபிமொழியின் கருத்து. பள்ளிப் பாடப் புத்தகத்துக்கான அடையாளமாக இருந்தால், கட்டங்களில் பாட எண்களை எழுதிக்கொள்ளலாம்.

புத்தகத்தைக் கெடுப்பவை

கிரையானில் வரைந்த படம் மெழுகுத்தன்மை உடையது. பக்கத்தில் உரசி நிறம் ஒட்டும். அதன் மேல் வேறு துண்டும் ஒட்டாது. கிரையான் படத்தை மேல் அடுக்காக வைத்து, சற்றுப் பெரிய ட்ரேசிங் தாளால் மூடி, ஓரங்களைப் பின்பக்கம் மடித்து ஒட்டிவிடுங்கள். செய்தித்தாள் துண்டு வேண்டாம். அது சீக்கிரம் மஞ்சளாகி, ஒட்டியிருக்கும் பக்கத்திலும் கறை ஏற்றும். ஜிகினாத் தூள் உதிரும். வெல்வெட் பூவேலை தடிப்பாக இருக்கும். ஊக்கும் ஜெம் கிளிப்பும் மழைக்காலத்தில் துருப்பிடித்துத் தாளில் அச்சு விழும். செல்லோ டேப்பின் பசை நாளடைவில் கசிந்து பழுப்பாகும். லாமினேஷன் செய்தால் நெடுநாள் உழைக்கும், உண்மைதான். ஆனால் பிளாஸ்டிக் சேர்ந்த தாளை மறுபடி அரைத்துத் தாளாக்குவது கடினம். பழையதைப் பயன்படுத்த உட்கார்ந்து புதிய குப்பை ஒன்றைச் செய்துவிட வேண்டாம்.

யாருக்குக் கொடுக்கலாம்

இதை விற்று வருமானம் பார்க்கலாமா என்று வீட்டிலிருந்து தொழில் செய்ய விரும்பும் சகோதரிகள் நினைக்கலாம். ஒன்று செய்ய அரை மணி நேரமாவது ஆகும். கடையில் அச்சிட்ட அட்டை மிக மலிவாகக் கிடைக்கிறது. ஆகவே இதை நம்பி முதல் போட வேண்டாம் என்பதே என் ஆலோசனை. அன்பளிப்பாகக் கொடுப்பதற்கு இது மிக நல்லது. யஸ்ஸர்னல் குர்ஆன் முடித்து முஸ்ஹஃபுக்குப் போகும் பிள்ளைக்கு, மேல்படிப்புக்கு வெளியூர் போகும் மகளுக்கு, கண்பார்வை குறைந்தாலும் தினமும் யாசீன் ஓதும் பெரியம்மாவுக்குப் பேரப்பிள்ளை வரைந்த படத்தில் இருந்து ஓர் அடையாளம் செய்து கொடுத்துப் பாருங்கள். உங்கள் வீட்டில் படித்து முடித்த கதைப் புத்தகங்களும் பாடப் புத்தகங்களும் இருந்தால், ஒவ்வொன்றுக்குள்ளும் ஓர் அடையாளம் வைத்து, வாங்க வசதியில்லாத வீட்டுப் பிள்ளைக்குக் கொடுங்கள். வாங்குகிற பிள்ளைக்கு அது பழைய புத்தகம் என்ற எண்ணம் வராது. தனக்காக ஒருவர் உட்கார்ந்து செய்த பொருள் அதற்குள் இருக்கிறதே!

ஒரு சாக்கில் இருந்து 20 அல்லது 30 அடையாளங்கள்தான் வரும். மற்ற தாள்கள் கடைக்குத்தான் போகும். ஆனாலும் அந்தச் சாக்கு பிரித்துப் பார்க்கப்பட்ட சாக்கு. அல்லாஹ்வின் திருநாமம் அதில் இல்லை என்று அறிந்து அனுப்புகிறோம். வீட்டுக்கு வீடு இதைச் செய்தால் நம் தெருவில் கிடக்கும் பொட்டலத் தாளைப் பயத்தோடு குனிந்து பார்க்க வேண்டிய நிலை இன்ஷா அல்லாஹ் குறையும்.

முதல் குவியல் தாள்களை என்ன செய்வது என்று தெரியாமல் வைத்திருப்பவர்கள், துணிப்பையில் கட்டி நம் அறக்கட்டளை அலுவலகத்தில் ஒப்படைக்கலாம். இமாம்களின் வழிகாட்டுதலோடு உரிய முறையில் அவற்றைச் சேர்ப்பது நம் பொறுப்பு. புத்தகங்களும் அடையாளங்களும் கொடுக்க விரும்புவோர் பள்ளி திறப்பதற்கு ஒரு வாரம் முன்பாகக் கொண்டுவந்தால், தேவையுள்ள பிள்ளைகளின் கையில் நேரத்தோடு சேர்த்துவிடலாம்.

ஓதுவதிலும் படிப்பதிலும் நம் பிள்ளைகளுக்கு ஆர்வத்தையும், அவனது வேதத்தைப் பேணும் மனதையும் வல்ல ரஹ்மான் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.
செயலாளர்